தலைமன்னார் வீதியில் ஒற்றைக்கால் மிதி

மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் என்றால், நம் விளையாட்டுப் பக்கங்கள் கைதட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடும். 2020 நவம்பரில் காஷ்மீரில் புறப்பட்டு ஆண்டு முடிவில் கன்னியாகுமரியைத் தொட்ட ‘இன்ஃபினிட்டி ரைட்’டுக்கும் கிடைத்தது அந்தக் கைதட்டல்தான். நடத்தியது ஐதராபாத்தின் ஆதித்யா மேத்தா அறக்கட்டளை. ஒரு காலை இழந்த மேத்தா 2013 ஆசிய பாரா சைக்கிளோட்டத்தில் வெள்ளி வென்றவர். உறுப்பிழந்த எல்லைப் பாதுகாப்புப் படையினருக்கும் அவருடைய அறக்கட்டளையில் பயிற்சி உண்டு.

3,800 கிலோமீற்றர், ஆறு வாரம். நாளொன்றுக்குச் சராசரி 90 என்று வருகிறது. இரண்டு காலும் உள்ளவனுக்கே மூன்றாம் நாள் தொடை கல்லாகிவிடும்.

ஒற்றைக்கால் மிதியைக் கவனித்துப் பாருங்கள். நமக்கு ஒரு கால் அழுத்தும்போது மறு பெடல் தானாக மேலேறும். ஒற்றைக்காலால் மிதிப்பவர் சப்பாத்தைப் பெடலில் பூட்டிக்கொண்டு, அழுத்திய அதே காலால் இழுத்தும் ஏற்ற வேண்டும். உச்சியிலும் அடியிலும் விசை செத்துப்போகும். சமதரையில் ஓட்ட வேகமே அந்த இடங்களைக் கடத்திவிடும்; ஏற்றத்தில் வண்டி நின்றே போகலாம். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் பொய்க்காலால் மிதிப்பார். மேலே இழந்தவர்கள் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டே ஓடுகிறார்கள். பாரா சைக்கிளோட்டத்தில் சி1 முதல் சி5 வரை வகுப்புப் பிரிப்பது இதற்காகத்தான்.

இப்படியோர் ஓட்டத்தை நம் மன்னார்த் தீவிலும் நடத்தலாம். அங்கே ஏற்றமே இல்லை. தாம்போதி கடந்து தலைமன்னார் வரை வீதி தட்டையாகக் கிடக்கிறது. 30 கிலோமீற்றரும் வராது. சுலபம் என்று நினைப்பவர் சோழகத்தில் ஒரு தடவை ஓடிப் பார்க்கட்டும். தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடப்பதால் தென்மேற்குக் காற்று இடப்பக்க விலாவில் அடிக்கும், திரும்பும்போது வலப்பக்கம். ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகளைச் சும்மாவா இங்கே நட்டார்கள்? உடற்பாரம் ஒரு பக்கம் சாய்ந்தவருக்கு எதிர்க்காற்றைவிட இந்தப் பக்கக்காற்றுதான் எமன். கையால் சுழற்றும் தாழ்ந்த மூன்று சில்லு வண்டி தப்பும்.

இலங்கையின் பாராலிம்பிக் பதக்கங்கள் எல்லாமே தடகளத்தில் வந்தவை. 2012 லண்டனில் 400 மீற்றரில் வெண்கலம் வென்ற பிரதீப் சஞ்சயவும், டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்தவும் இராணுவத்தினர். சைக்கிளில் அப்படி ஒரு பெயர் நம்மிடம் இல்லை. இந்தியாவிலும் நெடுங்காலம் இல்லைதான். 2024 பாரிஸில் அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும் முதன்முதலாகப் போனார்கள். அர்ஷத்தை வளர்த்தது அதே ஐதராபாத் அறக்கட்டளை. நிதிக்காகத் தொடங்கிய ஓட்டம் ஆளையும் தேடித் தந்திருக்கிறது.

மன்னாரில் அந்த ஓட்டத்தை நடத்துவதானால் ஒரு நிபந்தனை. படையில் காலிழந்தவரோடு, அரச படை நலத்திட்டம் எதிலும் பெயர் இல்லாத முன்னாள் போராளியும் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சங்கிலி கேட்பதில்லை, வகுப்பு அட்டவணையும் கேட்பதில்லை. சோழகம் தொடங்குமுன் மார்ச்சில் ஒரு விடிகாலை, வகுப்புவாரியாக நேரம் குறித்து ஓட விடலாம். முடிவுப் பட்டியலை இந்தப் பக்கத்திலேயே போடுவோம்.