மூடுபனியின் வெளிச்சம்

ஒரகடத்தில் நள்ளிரவிலும் கம்பெனி பஸ்களும் டிரெய்லர் லாரிகளும் ஓய்வதில்லை. அந்த இரைச்சல் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படம், 1980-இல் வந்த ‘மூடுபனி’. இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் பாலு மகேந்திரா. பயம் என்றால் கும்மிருட்டு என்று பழகிய கண்ணுக்கு, இவர் ஊட்டியின் பகலைக் காட்டியே வயிற்றைக் கலக்குகிறார். சாய்வாக விழும் வெளிச்சம் முகத்தில் பாதியைத் தொட்டு மீதியை விட்டுவிடும். விட்டுப்போன அந்தப் பாதியைத்தான் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எதையும் அவசரப்பட்டு விளக்காத பொறுமை அது.

இளையராஜாவுக்கு இது நூறாவது படம். வாத்தியங்களை அள்ளிக் கொட்டியிருக்கலாம். அவர் மௌனத்துக்கு இடம் விடுகிறார். அதனாலேயே ஒரு காலடி, ஒரு கதவு, எல்லாம் காதருகே வந்து நிற்கின்றன. பிரதாப் போத்தன் சந்துருவாக வருகிறார். உறுமலோ வெறித்த சிரிப்போ கிடையாது. தாய்ப்பாசத்தில் சிக்கிய பிள்ளையின் முகம். கொலைகாரன் என்று தெரிந்தபிறகும் அவன் கிட்டாரோடு ‘என் இனிய பொன் நிலாவே’ பாடும்போது யேசுதாஸின் குரலில் மனம் இளகிவிடுகிறது. இளகியதை உணர்ந்த கணத்தில் வரும் நடுக்கம் எந்தப் பேயும் தராதது. எதிரே ஷோபா. மிரட்சியைக் கண்ணிமைகளிலேயே வைத்திருக்கிறார், அலறலுக்கு முன்பே. முதல் முறை கதைக்காகப் பார்த்தவர்கள், மறுமுறை அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்காக மட்டும் பார்க்கலாம்.