செங்கல் சுவரைத் துடைப்பது யார்?

எங்கள் அடுக்ககத்து வீட்டைப் புதுப்பிக்க வந்த வடிவமைப்பாளர் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினார். பூச்சு உரித்த செங்கல் சுவர், கருப்பு இரும்புக் குழாய்கள், மூடியில்லாமல் தொங்கும் மஞ்சள் பல்புகள், கதவில்லாத மர அலமாரிகள். சமையலறைக்குச் சுவரே இல்லை. 'வார்ம் இண்டஸ்ட்ரியல்' பாணி என்றார். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பாணி பேர் பெற்ற இடம் நியூயார்க்கின் சோஹோ. 19ஆம் நூற்றாண்டின் வார்ப்பிரும்புக் கட்டடங்களிலிருந்து தொழில்கள் வெளியேற, மலிவு வாடகைக்கு ஓவியர்கள் வந்தார்கள். 1971இல் நகர நிர்வாகம் அதைச் சட்டபூர்வமாக்கியது. அடுத்துப் பணக்காரர்கள் வந்தார்கள். பட்டறைத் தளங்கள் நடுத்தர வர்க்கம் ஆசைப்படும் வீடுகளாக மாறியதை ஷாரன் ஜூக்கின் 1982இல் வெளிவந்த 'லாஃப்ட் லிவிங்' நூலில் ஆராய்ந்தார். உழைத்தவர்கள் போன பிறகுதான் தொழிற்சாலை அழகாகிறது என்பது நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

சோஹோவுக்குச் சற்று வடக்கே, ஒரு கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை இயங்கியது. 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள். அந்தக் காலத்துப் பட்டறைகளின் பெரிய ஜன்னல்களைப் பாணி எடுத்துக்கொண்டது; பூட்டிய கதவை மறந்துவிட்டது. நம் நூற்பாலைகளின் கூரையிலும் இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் கீழே நிற்கும் இளம்பெண்களிடம் யாரும் அதை அழகு என்று சொல்வதில்லை.

நம் சமையலறைக்குள் தொழிற்சாலை நுழைந்ததும் இப்போது அல்ல. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை, ஆலைத் தொழிலாளியின் அசைவுகளை அளந்த அதே முறையைக் கொண்டு பெண்ணின் நடையைக் குறைக்கப் பார்த்தது. ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடம். எல்லாம் கைக்கெட்டும் தூரம். அது பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்று பின்னாளில் பெண்ணியர்கள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் அந்தச் சமையலறை வேலையை வேலை என்று ஒப்புக்கொண்டது. எனக்குக் காட்டிய படத்தில் வேலையே இல்லை. அடுப்பில் ஒரு செம்புக் கெண்டி மட்டும் இருந்தது.

சுவர் போனால் தனிமையும் போகும் என்றார் வடிவமைப்பாளர். பாதி உண்மை. கூடத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் தினமும் கடுகு வெடிக்கும், மீன் பொரியும். அந்த எண்ணெய்ப் பிசுக்கு திறந்த அலமாரியிலும் செங்கல் இடுக்கிலும் படியும். கூடம் எப்போதும் விருந்தாளிக்குத் தயாராக இருக்க வேண்டுமென்றால், சமையலறையும் இருக்க வேண்டும். மரமும் மஞ்சள் வெளிச்சமும் தரும் அந்த 'வார்ம்', விலைக்குக் கிடைப்பது. அதைக் கலையாமல் வைத்திருக்கும் உழைப்பு விலைப்பட்டியலில் இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா படத்தைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். "இந்தக் கல்லை யாரும்மா தொடைக்கிறது? பாத்திரம் எங்க கழுவுறது?" அப்போதுதான் கவனித்தேன். பாத்திரம் கழுவும் பின்பக்க பால்கனி, வரைபடத்தில் 'காபி கார்னர்' ஆகியிருந்தது.

வரைபடத்தைத் திருத்தச் சொன்னேன். பால்கனி திரும்பி வந்தது. அக்கா நின்று கழுவ வசதியாக, அவர் உயரத்துக்குத் தொட்டி வைத்தோம். அடுப்புக்குப் பின்னால் செங்கல் வேண்டாம், ஓடு போதும். அலமாரிகளுக்குக் கதவு. ஒரே ஒரு திறந்த அலமாரி மிஞ்சியது. அதைத் துடைப்பது என் கணவர் பொறுப்பு என்று ஆணி அடிக்கும் முன்பே பேசி முடித்தோம்.

"லுக் போயிடும் மேடம்" என்றார் வடிவமைப்பாளர். போகட்டும் என்றேன்.