விதியை வென்றனரா இரட்டையர்?

காதற்கதை என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைச் சுளிப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பொழுதைக் கொல்லும் நஞ்சு என்பார் ஒருவர். பெண்களுக்கென்று எழுதப்படும் பிதற்றல் என்பார் மற்றொருவர். இவ்வாறு பழிப்போரிற் பெரும்பாலோர் அந்நூல்களைப் புரட்டியும் பாராதவர்கள். பாராமலே பழிப்பது பகுத்தறிவுக்கு அழகாகுமா? புனிதம் என்று போற்றப்படும் ஏடுகளையே வரிவரியாகப் படித்து, எடைபோட்டு, பின்னரே எதிர்க்கக் கற்றவர்களாயிற்றே நாம்! புனிதம் என்று யாரும் சொல்லாத ஏடுகளுக்கு அந்த நீதியை மறுப்பானேன்?

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். வகுப்பில் நான் நடத்தும் பாடம், தேர்வு முடிந்த மறுநாளே மாணவியின் நினைவை விட்டு ஓடிவிடுகிறது. மேசைக்கடியில் மறைத்து வைத்து அவள் படிக்கும் காதற்கதையோ ஆண்டுகள் பல கடந்தும் அவள் நெஞ்சில் நிற்கிறது. அன்பு என்பது யாது, ஆண்மகன் எப்படி நடக்க வேண்டும், பெண் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது—இவற்றையெல்லாம் அவளுக்குச் சொல்லித் தரும் ஆசான் அந்தக் கதைதான். அந்த ஆசான் என்ன கற்பிக்கிறான் என்று பார்ப்பது நம் கடமையன்றோ?

அந்த நோக்கத்தோடுதான் அமெரிக்க நாட்டு இரட்டைச் சகோதரியர் இருவரின் நூல்களை எடுத்துக்கொள்கிறேன். கிரிஸ்டா ரிட்சி, பெக்கா ரிட்சி என்பன அவர்தம் பெயர்கள். சிறுமியராய் இருந்தபோதே சேர்ந்து கதை கட்டத் தொடங்கியவர்கள். 2013ஆம் ஆண்டில் 'அடிக்டட் டு யூ' என்ற நாவலைப் பதிப்பகத்தாரின் வாயிற்படியிற் காத்துக்கிடவாமல் தாமே வெளியிட்டனர். அது பத்து நூல்கள் கொண்ட பெருந்தொடராக வளர்ந்தது. நூல் விற்பனைப் பட்டியல்களில் இடம்பெற்றது. பின்னாளில் பெர்க்லி என்னும் பெரிய பதிப்பகமே அத்தொடரை ஏற்று மறுபதிப்புச் செய்தது. வாசகர் முதலில் வந்தனர். பதிப்பாளர் பிறகு வந்தார்!

சகோதரியர் கூடிக் கதை புனைவது உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பிராண்டி குடும்பத்தை இலக்கியம் பயின்றோர் அறிவர். எமிலியும் ஆனும் சேர்ந்து கோண்டல் என்றொரு கற்பனை நாட்டைப் படைத்தனர். சார்லட், தம்பி பிரான்வெல்லோடு சேர்ந்து ஆங்கிரியா என்ற மற்றொரு நாட்டைப் படைத்தாள். 1846இல் மூன்று சகோதரியரும் தம் சொந்தச் செலவில் ஒரு கவிதை நூலை வெளியிட்டனர். விற்ற படிகள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு! அந்நூலில் அவர்தம் பெயர்கள் இல்லை. பெண் என்று தெரியாதபடி கர்ரர், எல்லிஸ், ஆக்டன் என்ற முகமூடிகளை அணிந்துகொள்ள நேர்ந்தது. பெண் எழுதியது என்றால் திறனாய்வாளன் ஒரு தனித் தராசைத் தூக்குவான் என்ற அச்சம்! அந்த முகமூடியையும் இன்று இரண்டு பெண்களின் பெயர்கள் வெளிப்படையாக அச்சேறியிருக்கும் அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் மங்கையர் போராடிப் பெற்றது என்ன என்பது விளங்கும்.

பெயரை மறைக்காத பெண்கள் எழுதியது என்பதாலேயே ஒரு நூல் விடுதலை நூல் ஆகிவிடுமா? ஆகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் தொடரின் தலைவி லில்லி காலோவே. தலைவன் லோரன் ஹேல். இருவரும் கல்லூரி மாணவர். இருவரும் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைகள். அவள் தந்தை ஃபிஸில் என்னும் குளிர்பானக் குழுமத்தின் அதிபர். அவன் தந்தை குழந்தைகளுக்கான பொருள்களை விற்றுச் செல்வம் குவித்தவர். லோரன் மதுவுக்கு அடிமை. லில்லி காம இச்சைக்கு அடிமை. தத்தம் குறையைக் குடும்பத்தார் அறியாதபடி மறைக்க, இருவரும் காதலர்போல் நடிக்கின்றனர். நடிப்பு மெய்யாகிறது. இது வரையில் கேட்டவர், "மட்டமான கதை" என்று ஏட்டை மூடிவிடக்கூடும். மூடாதீர்கள். இனிமேல்தான் பொருள் இருக்கிறது.

பழைய காதற்கதை என்ன சொல்லும்? காதல் வந்தது, நோய் பறந்தது என்று சொல்லும். குடிகாரன் ஒரு நல்லாளின் கண்ணீரைக் கண்டு ஒரே இரவில் திருந்துவான். அவள் பொறுமையே மருந்து. அவள் அடிமைத்தனமே அவன் மீட்சி. எத்தனை வீடுகளை இந்தப் பொய் எரித்திருக்கிறது! ரிட்சி சகோதரியர் இந்தப் பொய்யைச் சொல்ல மறுக்கின்றனர். இவர்கள் கதையில் காதல் நோயைத் தீர்க்கவில்லை. ஒருவர் குறையை மற்றவர் மூடி மறைத்து நோயை வளர்க்கவே உதவுகிறது. முதல் நூலின் முடிவில் லோரன் சிகிச்சை விடுதிக்குப் போகிறான். 'ரிகோஷே' என்ற அடுத்த நூலில் அவன் அருகில் இல்லை. லில்லி தனியே நின்று போராடுகிறாள். அவளுக்குத் துணை நிற்பவள் யார்? அக்காள் ரோஸ். தாயத்து கட்டினாளா? நேர்த்திக்கடன் முடிந்தாளா? இல்லை. மனநல மருத்துவரைத் தேடிப் பிடித்தாள். நோய்க்கு மருத்துவம் என்ற இந்த எளிய உண்மையைக் காதற்கதை வாயிலாக ஆயிரமாயிரம் இளம் வாசகருக்குச் சொன்னது சிறு பணியன்று.

மற்றொரு சிறப்பும் உண்டு. லோரனின் தந்தை பெருங்குடியர். மகனைச் சொல்லால் வதைப்பவர். "அப்பன் இரத்தம், வேறு எப்படி இருப்பான்?" என்று ஊர் சொல்லும் அல்லவா? அந்த ஊர்வாய்க்கு இச்சகோதரியர் தரும் விடை ரைக் என்னும் பாத்திரம். லோரனுக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தமையன். அதே தந்தைக்குப் பிறந்தவன். ஆனால் குடியை விட்டொழித்தவன். ஒரே தந்தை, இரண்டு மைந்தர், இரண்டு வாழ்வுகள்! இரத்தம் எழுதியது தலையெழுத்து என்றால் இருவர் தலையிலும் ஒன்றே அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

லில்லியின் மறைவு வெளிப்பட்டு, ஊடகங்கள் அவளைச் சூழ்ந்துகொள்ளும் பகுதி இத்தொடரின் கூர்மையான பகுதி. குடிக்கும் ஆணைப் பார்த்து "பாவம், நோயாளி" என்று இரங்கும் உலகம், அவளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறது. அவள் பெயரை அழுக்காக்குகிறது. அவனுக்கும் நோய், இவளுக்கும் நோய். அவனுக்கு இரக்கமும் இவளுக்கு இழிவும் பங்கிட்டுத் தந்தது எந்த நீதி? ஆணுக்கு ஒரு அளவுகோல், பெண்ணுக்கு மற்றொன்று என்னும் அநீதி கடல் கடந்தும் கோலோச்சுகிறது என்பதை அமெரிக்கக் கதையே நமக்குக் காட்டிவிடுகிறது.

இவ்வளவும் பாராட்டு. இனித் தராசின் மறு தட்டு.

இக்கதையில் பணத்தொல்லையே தலைகாட்டவில்லை என்று நான் கூறமாட்டேன். தந்தை செல்வத்தை நிறுத்திவிடும் நிலையும் லோரனுக்கு வருகிறது. ஆனால் வீழ்பவன் கட்டாந்தரையில் வீழ்வதில்லை, பஞ்சணையில் வீழ்கிறான். லில்லி படக்கதை நூல்களும் சிற்றுண்டியும் விற்கும் கடை ஒன்றைத் திறக்கிறாள். லோரன் படக்கதை வெளியிடும் நிறுவனம் தொடங்குகிறான். முதல் ஏது? உறவும் செல்வமும் சூழ்ந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. ஆலையில் உழைத்து, கூலியில் பாதியை மதுக்கடையிற் கொட்டும் தொழிலாளிக்கும் லோரனின் நோய்தான். அவனுக்குச் சிகிச்சை விடுதி உண்டா? பணி போகாமல் விடுமுறை உண்டா? அவன் மனைவிக்கு மருத்துவரைத் தேடித் தர வசதி படைத்த அக்காள் உண்டா? இந்தக் கேள்விகளைக் கதை கேட்கவில்லை. விதியை வெல்லலாம் என்கிறது. ஆனால் வெல்வதற்கு ஆகும் செலவுப் பட்டியலை மட்டும் நம் கண்ணில் காட்டாமல் மடித்து வைத்துக்கொள்கிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1847இல் சார்லட் படைத்த ஜேன் ஐர், பிறர் வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிப் பிழைத்தவள். அவளுக்கும் முடிவில் தந்தையின் உடன்பிறந்தவர் சொத்து வருகிறது, உண்மைதான். வந்த சொத்தை அவள் என்ன செய்தாள்? நான்கு பங்காக்கி, மூன்றை உறவினருக்குத் தந்தாள். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அந்தக் கதை கணக்குக் காட்டியது.

2017இல் வெளிவந்த 'டேமேஜ்ட் லைக் அஸ்' அடுத்த தலைமுறையின் கதை. லில்லி, லோரன் ஆகியோரின் மகன் மாக்சிமாஃப் தன் மெய்க்காவலனான ஃபேரோ கீன் என்ற ஆடவனைக் காதலிக்கிறான். ஆணை ஆண் காதலிப்பதை ஏளனமாகவோ, சோகமாகவோ, தண்டனையாகவோ காட்டாமல், மற்றெந்தக் காதலையும் போல இயல்பாக எழுதியிருப்பது துணிவு. எசமான் வீட்டுப் பிள்ளையும் ஊதியம் பெறும் காவலனும் சமமாவதை இங்கே காணலாம் என்று ஆவலோடு படித்தேன். ஆனால் காவலன் யார்? மருத்துவம் பயின்றவன், அந்தச் செல்வக் குடும்பங்களுக்கென்றே மருத்துவம் பார்க்கும் வீட்டின் பிள்ளை! வேலி தாண்டப்பட்டது, ஆனால் தாண்டியவனும் பக்கத்து மாளிகையிலிருந்தே வந்தான்.

இளைஞருக்காக இவர்கள் எழுதிய 'தி ரேஜிங் ஒன்ஸ்' என்ற நாவலில்தான் இந்தக் குறை உச்சம் அடைகிறது. 2018இல் வெளிவந்தது. பனி மூடிய ஒரு கோள். அங்கே ஒவ்வொருவருக்கும் தாம் மடியும் நாள் முன்னதாகவே தெரியும். அந்நாளைக்கொண்டே மக்களை வகுத்துவிட்டார்கள். நீண்ட ஆயுள் உடையவர்க்குக் கல்வி, பதவி, மதிப்பு. குறைந்த ஆயுள் உடையவர்க்கு எதற்குக் கல்வி? சாகப்போகிறவனுக்குப் பள்ளிக்கூடம் ஏன்? என்ன அருமையான கற்பனை! பிறந்த கணக்கைப் பார்த்து இவன் படிக்கத்தக்கவன், இவன் படிக்கத்தகாதவன் என்று கோடு கிழிக்கும் கொடுமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃப்ரானி, கோர்ட், மைக்கல் என்ற மூவர் தமக்குக் குறித்த நாள் வந்தும் சாகவில்லை. குறித்த நாள் பொய்த்தது! ஏடு தோற்றது! படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்று கைதட்டாத குறைதான்.

அந்தோ! அடுத்த நூலான 'தி லாஸ்ட் ஹோப்' அந்தக் கைதட்டலைப் பறித்துக்கொள்கிறது. அம்மூவரும் ஏன் சாகவில்லை? அவர்கள் அக்கோளின் இனத்தாரே அல்லர், மனித இனத்தாராம்! கணக்குப் பொய்யாகவில்லை, கணக்கு இவர்களுக்குரியதன்று என்பதே விளக்கம். அப்படியானால் அக்கோளில் பிறந்த ஏழைச் சிறுவன், குறைந்த ஆயுள் என்று பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவன், அவன் கதி என்ன? அவனுக்கு விதி விதியாகவே நிற்கிறது. தப்பியவர்கள் பிறப்பால் தப்பினர். பிறப்பின் கொடுமையைச் சாட எழுந்த கதை, பிறப்பையே திறவுகோலாக்கி முடிகிறது. சிறையை இடிப்பதாகச் சொல்லி அழைத்து வந்து, மூன்று பேரைத் தவறுதலாக அடைத்துவிட்டோம் என்று விடுவிப்பதற்கு ஒப்பானது இது. சிறை அப்படியே நிற்கிறது!

இரு தொடர்களையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெளிவாகிறது. விதி என்னும் கதவை இச்சகோதரியர் ஓங்கித் தட்டுகின்றனர். அந்தத் தட்டுதல் மெய்யானது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அதைத் திறந்தது உயர்ந்த பிறப்பாகவே இருக்கிறது. ஓரிடத்தில் செல்வர் வீட்டுப் பிறப்பு. மற்றோரிடத்தில் மனித இனப் பிறப்பு. 'ரிகோஷே' ஒன்றில்தான், நோயோடு நாள்தோறும் மல்லாடும் லில்லியின் உழைப்பில், பிறப்பின் துணையைவிட முயற்சியின் துணை பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் அவர்கள் எழுதியவற்றுள் அதை நான் மேலாக மதிக்கிறேன்.

ஆகவே இந்நூல்களைத் தடைசெய்யச் சொல்வோர் பக்கம் நான் நிற்கமாட்டேன். வயது வந்த வாசகர் படிக்கட்டும். காதல் மருந்தன்று என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ளட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவுகோல் ஒன்றே என்ற பாடத்தையும் கற்றுக்கொள்ளட்டும். படித்து முடித்ததும் ஒரு கேள்வியை மட்டும் மறவாமல் கேட்கட்டும்: இந்தத் தலைவி ஏழை வீட்டில் பிறந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்?

அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு காதற்கதை எழுதப்பட வேண்டும். சகோதரியர் இருவர் கூடி எழுதலாம். தோழியர் நால்வர் கூடியும் எழுதலாம். ஆலைத் தொழிலாளியின் மகள் அதில் தலைவியாகட்டும். அவள் காதலிக்கட்டும், இடறட்டும், மருத்துவமனையின் நீண்ட வரிசையில் காத்து நிற்கட்டும், மீண்டெழட்டும். அவள் எழுந்தபின் அவள் பின்னால் அந்த வரிசையில் நிற்பவர்களும் எழுவதற்கு வழி என்ன என்று அந்தக் கதை சொல்லட்டும். அதை எழுத முன்வரும் மங்கையர் எங்கே?