ஜாஸ் கேட்க ஒரு வழி: முதலில் பாஸைப் பிடியுங்கள்

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, 1959-இல் நியூயார்க்கில் இரண்டே நாள் ஒலிப்பதிவில் உருவான ஆல்பம். ஐந்து உருப்படிகள், முக்கால் மணி நேரம். ஜாஸ் பழக்கமில்லாதவர் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. இலக்கணம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் எதைப் பின்தொடர்வது என்று தெரிந்தால் போதும். முதல் உருப்படியான ‘ஸோ வாட்’டை வைத்துப் பழகலாம்.

முதல் முறை: பாஸ்

அரை நிமிடம் பியானோவும், அடிக்குரலில் ஒலிக்கும் தந்தி வாத்தியமான பாஸும் தாளமில்லாமல் தயங்கித் தயங்கிப் பேசும். பிறகு பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு வரி கேட்கும். மற்ற வாத்தியங்கள் இரண்டே ஒலிகளில் பதில் சொல்லும். இந்தக் கேள்வி-பதில்தான் பாட்டு. டிரம்பெட் தனியாகப் புறப்படும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கித் தட்டுவார். அதன் பிறகும் பாஸை விடாதீர்கள். மேலே யார் எங்கே போனாலும் அது உங்களைத் தாளத்தில் நிறுத்தும்.

இரண்டாம் முறை: சுருதி ஏறும் இடம்

அன்றைய ஜாஸில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வேகமாக மாறும்; வாசிப்பவர் அவற்றைத் துரத்த வேண்டும். டேவிஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தி, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நிற்கச் சொன்னார். ‘ஸோ வாட்’டில் அந்த வரிசை கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான். கமகத்தையும் ராகத்தின் பிடிகளையும் மட்டும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. பாருக்கு 4 தட்டாக எண்ணுங்கள். 16 பார் இரண்டு கட்டையில் ஓடும்; அடுத்த 8 பாருக்கு எல்லாமே இரண்டரைக் கட்டைக்கு ஏறும்; பிறகு 8 பார் மீண்டும் இரண்டு கட்டை. அந்த ஏற்றம் காதில் விழுந்துவிட்டால் உருப்படியின் வரைபடமே கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் முறை: ஆட்கள்

வரைபடம் ஒன்று, மனோதர்மம் வேறு வேறு. டேவிஸின் டிரம்பெட் குறைவாகச் சொல்லி நிறைய இடம் விடும். அடுத்து ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் அந்த இடங்களையெல்லாம் நெருக்கி நிரப்பும். கேனன்பால் அடர்லியின் ஆல்ட்டோ சாக்ஸபோனில் உற்சாகம் துள்ளும். கடைசியில் பில் எவன்ஸின் பியானோ. இப்படிக் கேட்ட பிறகு ஆல்பத்தைக் கடைசி உருப்படியான ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ வரை ஒரே மூச்சில் கேளுங்கள். அதில் ஐந்து ஸ்வர வரிசைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவர் விருப்பம்.

அடுத்து: அதிகம் பேசப்படாத ஒன்று

டேவிஸின் 1969 ஆல்பமான ‘இன் எ சைலன்ட் வே’யில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின். பின்னர் எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அவர்களின் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976) கொன்னக்கோலில் தொடங்கும். இங்கே பாஸுக்குப் பதில் கடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தில் மலைத்துப்போகாமல் கிட்டாரும் வயலினும் ஒன்றையொன்று எங்கே கேட்கின்றன, எங்கே விட்டுக்கொடுக்கின்றன என்று கவனியுங்கள்.

ஒரு ஆல்பத்தை மூன்று முறை முழுதாகக் கேட்பது, முப்பது ஆல்பங்களை அரைகுறையாகக் கேட்பதைவிட அதிகம் தரும். ஆல்பம் புகழ்பெற்றதா இல்லையா என்பது மூன்றாம் முறைக்குள் மறந்தே போகும்.