நடுவில் நிற்கும் எண்

ஒரு கருவியை ரசிப்பதற்கு அதன் தோற்றப் பொலிவே முதற்காரணம் என்று நினைப்பவர்கள், கறுப்புத் திரையில் ஒற்றை வரியாகத் தட்டச்சு செய்யப்பட்டு, ஓரிரு வரிகளில் விடை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் டேட்டாமாஷ் என்ற சிறு நிரலைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதற்கு மேல் ஓர் அக்ஷரமும் பேசாதிருப்பதை உயர்ந்த லக்ஷணமாகக் கருதுகிறவர்களுக்கு அதில் அனுபவிக்க நிறைய இருக்கிறது. அஸாஃப் கார்டன் எழுதி, குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கீழ் 2014இல் முதற்பதிப்பாக வந்த அந்நிரல், கூட்டல், சராசரி, முகடு, திட்ட விலக்கம் என்று எத்தனையோ கணக்குகளைப் போடுமாயினும், அதன் ஸ்வபாவம் பூர்ணமாக வெளிப்படுவது வகைவாரியாக இடைநிலை அளவு காணும் காரியத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

மாதம் 12, 13, 14, 15 ஆயிரம் ரூபாய் வாங்கும் நால்வரோடு இரண்டு லக்ஷம் வாங்கும் ஒருவரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 50,800 என்று வரும்; அந்த ஐவரில் ஒருவர்கூட அத்தொகைக்குப் பக்கத்தில் இல்லை. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை, அதாவது இடைநிலையை, எடுத்தாலோ 14,000 என்ற, மனிதர் எவரோ உண்மையாகவே வாங்குகிற சம்பளம் கிடைக்கிறது. பிளிமத் நகரின் கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருதை அறுத்துச் சுத்தம் செய்தபின் தேறும் எடையை ஊகித்து ஜனங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் 787ஐ ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், அவற்றின் இடைநிலை 1,207 பவுண்டு என்றும் மெய்யான எடை 1,198 பவுண்டு என்றும் 1907இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டது இந்த அளவின் மகிமைக்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம்.

ஆயினும், சொல்வதற்கு எளிதான இந்த அளவு கணக்கிடுகிறவனிடம் பொறுமையைக் கேட்கிறது. சராசரி காண்பவன் இதுவரை வந்த எண்களின் கூட்டுத்தொகை, அவற்றின் எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வந்த எண்ணை அப்போதே மறந்துவிடலாம். இடைநிலை காண்பவனோ கடைசி எண் வந்து சேரும் வரையில் எதையும் மறக்கலாகாது, ஏனெனில் எது நடுவில் நிற்கப்போகிறது என்பது எல்லாரும் வந்தபின்தான் தெரியும். பல வகையினரின் எண்கள் ஒன்றோடொன்று கலந்து வருமானால் இந்தச் சிரமம் பன்மடங்காகிறது.

அதை இந்நிரல் எப்படிச் சமாளிக்கிறது என்பதை ஒரு சிறு கோப்பை வைத்தே பார்க்கலாம். நெசவு 600, தச்சு 900, நெசவு 550, தச்சு 1000, நெசவு 640 என்று தினக்கூலி எழுதிய ஐந்து வரிகள். தொழிலுக்கும் தொகைக்கும் இடையே ஒரு டேப். ‘டேட்டாமாஷ் -எஸ் -ஜி 1 மீடியன் 2’ என்று கட்டளையிட்டால், முதற்பத்தியைக் கொண்டு வகை பிரித்து, இரண்டாம் பத்தியின் இடைநிலையாகத் தச்சுக்கு 950 என்றும் நெசவுக்கு 600 என்றும் இரண்டே வரிகளில் பதில் வரும். தச்சில் இருவர் மட்டுமே ஆகையால் நடுவிலுள்ள இரண்டு தொகைகளின் சராசரி அங்கே விடையாகிறது. இதில் ‘-எஸ்’ என்பது வரிசைப்படுத்தச் சொல்லும் குறி. அந்த வேலையை இந்நிரல் தானே செய்ய முற்படாமல், யூனிக்ஸ் இயங்குதளத்தில் தொன்றுதொட்டு இருந்துவரும் ‘சார்ட்’ என்ற மூத்த கருவியிடம் ஒப்படைக்கிறது; ஒரு வகையின் வரிகள் அடுத்தடுத்து வந்துவிடுவதால், ஒரு சமயத்தில் ஒரு வகையின் எண்களை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் போதுமானதாகிறது. 1973இல் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி கென் தாம்ஸன் யூனிக்ஸுக்குள் கொண்டுவந்த குழாய் முறையின் ஸாரமே இப்படி ஒருவர் முடித்த வேலையை அடுத்தவர் வாங்கித் தொடர்வதுதான்.

அந்த ‘-எஸ்’ குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னும் ஸ்வாரஸ்யமானது. வகை மாறும் இடமெல்லாம் புதுக்குழு என்று கொண்டு, ஐந்து வரிக்கும் ஐந்து விடைகளைத் தந்துவிடும். இதைக் குறை என்பாரும் உண்டு. கேட்டதைச் செய்வதும் கேட்காததை ஊகித்துச் செய்யாதிருப்பதும் ஒரு விரதம் என்றே நான் கொள்வேன். தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘விடுமுறை’ என்று யாரேனும் எழுதியிருந்தால், எந்தப் பத்தியில் எந்தச் சொல் எண்ணாக இல்லை என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். அதைப் பூஜ்யமாகப் பாவித்து, பார்வைக்கு ஒழுங்கான ஒரு பொய்யை நம் கையில் கொடுக்காது.

இக்கருவியோடு பழகுகிறவர்கள் அதே கட்டளையின் இறுதியில் ‘கவுண்ட் 2’ என்று சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம். தச்சின் 950 இருவரின் கூலியிலிருந்தும், நெசவின் 600 மூவரின் கூலியிலிருந்தும் வந்தவை என்பது அப்போது விடையின் பக்கத்திலேயே தெரியும். இவ்வளவு சிலரை வைத்து ஒரு தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்ற கேள்வியை மட்டும் அது நமக்கு விட்டுவிடுகிறது, விட்டுவிட வேண்டியதும் அதுதான்.