பாதரச ஊரில் ஒரு நடை

ஸ்பெயினின் சியுதாத் ரியால் மாகாணத்தில் உள்ள அல்மடேனைச் சுற்றிப் பார்க்க வண்டி தேவையில்லை. ரோமானியர் காலம் தொட்டுப் பாதரசத் தாதுவான சாதிலிங்கம் வெட்டிய ஊர் இது. உலகில் மனிதர் எடுத்த பாதரசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போனதாம்.

முதலில் காளைச் சண்டை அரங்கு. வட்டமாக இல்லாமல் அறுகோணமாக நிற்கிறது. 1752இல் கட்டத் தொடங்கினார்கள். சுற்றுச்சுவரோடு ஒட்டியே வீடுகள்: காளை ஓடும் மணலுக்கு மேலே மாடி வராந்தா, வெளிப்பக்கம் வெள்ளையடித்த சுவரில் வாசல்கள். அரங்கின் வரும்படி சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போனது. பாதரச ஆவியில் கை நடுங்கிப்போனவர்களுக்குச் சிகிச்சை தந்த அந்தச் சான் ரஃபேல் மருத்துவமனையும் இதே ஊரில்தான். வேடிக்கையும் வைத்தியமும் ஒரே கணக்கில்! எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அரங்குதான்.

சுரங்கப் பூங்காவில் பழைய சூளைகளைத் தவறவிடாதீர்கள். இருபுறமும் திறந்த மண் கலயங்களை ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். சுட்ட கல்லின் ஆவி அவற்றுக்குள் ஓடிக் குளிர்ந்து பாதரசமாகும். இதே பாதரசம் கடல் தாண்டி மெக்சிகோவில் வெள்ளி பிரித்தது.

கைதிகளையும் அடிமைகளையும் இறக்கி வேலை வாங்கிய கதையும் இங்கே உண்டு. அதையும் கேட்டுவிட்டு வாருங்கள். 2012 முதல் ஸ்லோவேனியாவின் இத்ரியாவோடு சேர்ந்து அல்மடேன் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கோடையில் போனால் காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள்.