கார் தரத்தின் அளவுகோல்கள்: இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை

காரின் தரத்தைப் பற்றிய பேச்சு, தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் தொடங்கிவிட்டது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஹெரால்டையும் கெஸலையும் செய்துகொண்டிருந்த காலத்தில் நல்ல வண்டிக்கு ஒரே இலக்கணம்தான்: எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக் அதைக் கிளப்பிவிட வேண்டும். பாகம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவோ புதுப்பேட்டையில் பழையதாகவோ கிடைக்க வேண்டும். வண்டி பழுதாகாமல் ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பழுது வந்தால் தீருமா என்பதே கேள்வி. இதைப் பட்டறை மரபு எனலாம்.

அந்த மரபின் கைப்பழக்கம் இன்று பழைய கார் வாங்கும் இடத்தில் உயிரோடு இருக்கிறது. விவரம் தெரிந்தவர் முதலில் இன்ஜினிடம் போகமாட்டார். கதவோரத்து ரப்பர் பீடிங்கை விரலால் உரித்து, அடியில் தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டுகளைப் பார்ப்பார். ஆலையில் வைத்த வெல்டு சீரான இடைவெளியில், வட்டக் குழிகளாக வரிசை பிடித்திருக்கும். டிங்கரிங் பட்டறையில் வைத்தது வரிசை பிசகும். அடுத்து, கண்ணாடிகளின் மூலையில் அச்சாகியிருக்கும் உற்பத்தி ஆண்டு. எல்லாக் கண்ணாடியும் ஓர் ஆண்டைக் காட்ட, ஒன்று மட்டும் பிந்தைய ஆண்டைக் காட்டினால், அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று விசாரிப்பார். அதன் பிறகுதான் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே வெளுத்த கசடு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். கூலண்ட் ஆயிலோடு கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாயின் இந்திய நிறுவனம், 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உயரமான உருவத்தைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் மாருதி 800 கார்புரேட்டரோடு ஓடிக்கொண்டிருந்தபோது சான்ட்ரோ, எரிபொருள் உட்செலுத்தலைக் கணினி கட்டுப்படுத்தும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு வந்தது. திருகாணியைத் திருப்பி ஐட்லிங் சரிசெய்த கை, ஸ்கேனர் இல்லாமல் இந்த வண்டியில் எதுவும் செய்ய முடியவில்லை. பழுது தீருமா என்ற கேள்வி, பழுது வருமா என்று மாறியது இங்கேதான்.

அந்தக் கேள்விக்கு ரசிகர்கள் நாடு பிரித்து விடை சொன்னார்கள். ஜப்பான் வண்டி என்றால் இன்ஜின், கொரிய வண்டி என்றால் வசதி, ஐரோப்பிய வண்டி என்றால் கட்டுமானம் என்பது இன்றுவரை நீடிக்கும் வாய்ப்பாடு. ஐரோப்பிய அணியின் முதல் சாட்சி கதவு சாத்தும் கனத்த சத்தம். அந்தச் சத்தத்தைத் தீர்மானிப்பவை லாக்கும், பீடிங்கும், கதவுக்குள் ஒட்டிய அதிர்வடக்கும் தகடும்தான். மோதலில் பயணிகள் இருக்கும் கூண்டு தாங்குமா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஓட்டும் சுகத்தை முதலில் வைத்தவர்களுக்கு, ஃபோர்டு கார்கள் உருவான மறைமலைநகர்தான் தலைநகரம். 1999-இல் வந்த ஃபோர்டு ஐகானின் ஸ்டியரிங் உணர்வையும் வளைவில் அது சாலையைப் பற்றிக்கொள்வதையும் இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. ஹூண்டாய் ஸ்டியரிங் வேகத்தில் லேசாகிவிடுகிறது என்று அவர்கள் நெடுநாள் சொன்ன குறை, அந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது இவர்களுக்குப் பேரிழப்பு.

இருங்காட்டுக்கோட்டையிலேயே அவர்களுக்கு இன்னொரு களமும் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இங்கே தனித் தடம் அமைத்தது. சாலையில் குறையே தெரியாத பிரேக், சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்றைச் சில முறை முழு வேகத்தில் முடிப்பதற்குள் சூடேறிப் பிடிப்பை இழப்பதை இங்கே காணலாம். ஐந்தாண்டு ஓட்டத்தில் வெளிப்படும் பலவீனம் ஒரு பிற்பகலில் வெளிப்பட்டுவிடுகிறது.

ஆலைக்குள் தரம் வேறு மொழியில் பேசப்படுகிறது. அங்கே அலகு பி.பி.எம்.: பத்து லட்சம் பாகத்தில் குறையுள்ளவை எத்தனை. ஒரு காருக்கு வெளியிலிருந்து 2,000 பாகங்கள் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 50 பி.பி.எம். தரத்தில் இருந்தாலும் சராசரியாகப் பத்துக் காருக்கு ஒரு குறையுள்ள பாகம் உள்ளே போய்விடும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் சொடுக்கும்வரை இறுக்கி, இறுக்கியாயிற்று என்பதற்கு அதன் தலையில் மார்க்கரால் கோடு இழுக்கிறார்களே, அந்தக் கவனமெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. பின்னர் ராணே, லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனங்களும் பெற்றன. சென்னை வட்டாரத்தின் இத்தகைய பாகத் தொழிற்சாலைகள் ஒரே நேரத்தில் பல கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கின்றன. போனெட்டில் இருக்கும் முத்திரையை வைத்து நாட்டுக் குணம் பேசும் வாய்ப்பாடு இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

ஆனால் பி.பி.எம்.முக்கும் ஓர் எல்லை உண்டு. வரைபடத்தில் உள்ளபடி பாகம் வந்திருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். வரைபடம் சரிதானா என்று சொல்லாது. இதற்கு ஒரகடத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 2010-இல் திறக்கப்பட்ட ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து மைக்ரா ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. அந்தத் தலைமுறை மைக்ரா யூரோ என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் பெற்றது. அதே ஆலையில் உருவான டாட்ஸன் கோ 2014-இல் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்யம் வாங்கியது. காற்றுப்பை இல்லாததோடு, உடற்கூடே நிலையற்றது என்று மதிப்பிடப்பட்டது. 2016-இல் ரெனோ க்விட்டுக்கும் பூஜ்யம். 2021-இல் ரெனோ ட்ரைபருக்கு, பெரியவர்களின் பாதுகாப்பில் 4 நட்சத்திரம். ஆலை ஒன்று, தொழிலாளர் திறனும் ஒன்று. மாறியது எந்தச் சந்தைக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு பலத்தோடு கட்டுவது என்ற முடிவுதான். அந்த முடிவு லைனில் நிற்பவர் கையில் இல்லை. “நம்ம ஊரு தயாரிப்பு இவ்வளவுதான்” என்று அவர் தலையில் பழி போடுவது நியாயமே அல்ல.

2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் சோதனையில் ஹூண்டாய் ஐ10 உட்பட ஐந்து இந்தியக் கார்கள் பூஜ்யம் வாங்கியதிலிருந்து, மோதினால் என்ன ஆகும் என்ற கேள்வி ரசிகர் பேச்சில் மைலேஜுக்குச் சமமான இடம் பிடித்துவிட்டது. 2023-இல் ஹூண்டாய் வெர்னா 5 நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் சொந்த மோதல் மதிப்பீடான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. நட்சத்திரம் மோதலை மட்டுமே அளக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 5 நட்சத்திர வண்டியின் கிளட்ச் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அதில் விடை கிடையாது.

2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலக்ட்ரிக்கோடு, பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. நிறுவனம் தரும் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். பீடிங்கை உரித்துப் பார்ப்பவருக்கு இங்கே திறந்து பார்க்க ஆயில் மூடி இல்லை. பேட்டரியின் மிச்ச ஆரோக்கியத்தைச் சொல்லும் எண்ணை ஸ்கேனரில்தான் படிக்க வேண்டும்.